அலோயிஸ் அல்சைமர்

ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலே, மார்க்பிரைட் என்னும் சிற்றூரில், 1864ஆம் ஆண்டு பிறந்தவர் வைத்திய கலாநிதி அலோயிஸ் அல்சைமர். 1888இல் பிராங்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையிற் சேர்ந்த அன்னார், நோயாளரோடு பொறுமையாக உரையாடுவதையும், இறந்தோர் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்வதையும் ஒரே பணியாகக் கொண்டார்.

1901இல் 51 வயது மாதொருவர் அங்கு கொண்டுவரப்பட்டார். தம் பெயரையே எழுதி முடிக்க இயலாதவாறு அவருக்கு நினைவு குன்றியிருந்தது. கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் அல்சைமர் குறித்து வைத்தார். 1903இல் மியூனிக் நகர் சென்றபின்னும் அவரை மறந்தாரல்லர். 1906இல் அம்மாது இறக்க, மூளையை வரவழைத்து, வெள்ளிச்சாயம் ஊட்டி நோக்கினார். நரம்புக்கலங்களுள் முறுக்குண்ட நூற்சிக்கல்களும், கலங்களுக்கிடையே படிவுகளும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கன் மகாநாட்டில் அதனை எடுத்துரைத்தபோது, அவையில் ஒருவரும் வினா எழுப்பவில்லை. 1910இல் பேராசிரியர் கிரெப்பெலின் அந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார்.

அச்சிக்கல்களின் பொருள் பிற்காலத்திலேயே புலனாயிற்று. நரம்புக்கலம் தனக்கு வேண்டிய புரதங்களிற் பெரும்பாலானவற்றைக் கலவுடலில் ஆக்கி, நீண்ட நரம்பிழை வழியே முனைவரை அனுப்புகின்றது. அதற்குத் தண்டவாளம்போல் அமைந்தவை நுண்குழாய்கள். அவற்றைப் பற்றிநின்று உறுதியாக்குவது தௌ என்னும் புரதம். அப்புரதமே முறுகித் திரண்டு அல்சைமர் கண்ட சிக்கலாயிற்றென 1980களில் அறிஞர் நிறுவினர். தௌ பிடிவிடவே போக்குவரத்துத் தளரும், முனைகள் நலியும், நினைவும் தேயும் என்பது இன்றைய கருத்து.

1912இல் பிரெஸ்லோப் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய அன்னார், 1915இல், அம்மாது வைத்தியசாலை புகுந்த அதே 51 வயதிற் காலமானார். அந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்றுமில்லை. எனினும், பொருள் விளங்காதபோதும் கண்டதைக் கண்டவாறே பதிந்து வைத்த அன்னாரது நேர்மை பின்வந்தோர்க்கு வழியாயிற்று.