அடையாறு தந்த அம்மையார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

நம் ஜமாஅத்தார் பலருக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் நன்கு பழக்கமானது. உற்றார் உறவினரில் ஒருவரையேனும் அழைத்துக்கொண்டு அதன் வாயிலில் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதற்கு வித்திட்ட அம்மையாரின் வாழ்வை இங்கே சுருக்கமாக வழங்குகிறோம்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். இத்திருமணத்தின் பொருட்டுத் தந்தையை அவர்தம் உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் மகளைச் சேர்க்க முற்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் படிப்பு தடைப்படவில்லை. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தார். அக்காலத்தில் எத்தனை மணமகளுக்கு இத்துணிவு இருந்திருக்கும் என்று நாம் வியக்கிறோம்.

சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். 1927-இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே குரல் கொடுத்தார்.

இவ்வழக்கம் பக்தியால் மட்டும் நிலைபெற்றதன்று. கோயிற் பணிக்காகத் தேவதாசியருக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே பிழைப்பின் பொருட்டே தலைமுறைதோறும் ஒரு பெண் குழந்தை பொட்டுக் கட்டப்பட்டது. முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை அம்மையார் சரியாகக் கண்டார். 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் வழியே, பணியின் கட்டு நீங்கி நிலம் அப்பெண்களுக்கே உரியதாயிற்று. அறிவுரையால் ஆகாததை நிலவுரிமை ஓரளவு செய்தது என்பது நம் கருத்து.

எதிர்த்தவர்களில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் ஒருவர். மரபும் கலையும் அழியும் என்பது அன்னாரது வாதம். தேவதாசியர் சங்கங்களும் எதிர்த்தன. அவர்களில் முன்னின்றவர் இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் கலையும் சொத்துரிமையும் பறிபோகும், குலம் முழுவதுமே இழிவுபடுத்தப்படும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பொய்யென்று நாம் தள்ளிவிட இயலாது. எனினும் விவரமறியாச் சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டுவதை அதைக் கொண்டு நியாயப்படுத்தவும் இயலாது.

1930-இல் காந்தியடிகள் கைதானதையொட்டி அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

இதற்கிடையில் தேவதாசிக் குடும்பத்து இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களின் பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் இடம் தர மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது இவ்வாறுதான். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண்கள் கல்வியும் தொழிலும் கற்கும் இடமாயிற்று. சட்டம் விடுவித்த பெண் மறுநாள் எங்கே உறங்குவாள் என்பதையும் எண்ணிய சீர்திருத்தவாதிகள் அன்று மிகச் சிலரே.

1923-இல் அவர்தம் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் அம்மையாரை விட்டு அகலவில்லை. நெடிய முயற்சிக்குப் பின் 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22 அன்று காலமானார்.