ஸர் ஆர்ச்சிபால்ட் காரோட்

ஒருவர்க்கு அமுதமாகும் மருந்து பிறிதொருவர்க்கு நஞ்சாவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காணும் நெறியைக் காட்டியவர் ஆங்கில நாட்டு மருத்துவராகிய ஸர் ஆர்ச்சிபால்ட் காரோட் ஆவார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1857 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையாரும் புகழ்பெற்ற மருத்துவரே. மைந்தர் ஆக்ஸ்போர்டிற் கற்று, பின்னர் லண்டனில் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையிற் பணிபுரிந்தார்.

சில குழந்தைகளின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துத் துணியைக் கறைப்படுத்தும். இதனைக் குடற்கிருமிகளின் செயலென்றே பலரும் கருதினர். 1901 இல், அக்குறையுள்ள மக்களைப் பெற்ற ஒரு தாய் மீண்டும் ஒரு மகவை ஈன்றாள். அம்மகவின் துணிகளைப் பிறந்தது முதலே கவனிக்குமாறு காரோட் ஏற்பாடு செய்தார். சில நாட்களுக்குள்ளேயே கறை தோன்றிற்று. எனவே இது பிறவியில் அமைந்த குறையே எனத் தெளிந்தார். அக்குழந்தைகளின் பெற்றோருட் பலர் உடன்பிறந்தாரின் மக்களாயிருந்து தம்முள் மணந்தவர். இது மெண்டல் கண்ட மரபு விதிக்குப் பொருந்துவதைப் பேட்சன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார்.

உணவின் கூறுகள் உடலிற் படிப்படியாக மாறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். ஒன்று இல்லையாயின் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். முகம் வேறுபடுதல் போல உடலின் இரசாயனமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; மருந்தை ஏற்கும் இயல்பும் அவ்வாறே. இவற்றை அவர் 1902 இல் வெளியிட்ட கட்டுரையிலும் 1909 இல் இயற்றிய நூலிலும் விளக்கினார். எனினும், செவிசாய்த்தவர் சிலரே.

முதல் உலகப் போரில் அவருடைய மைந்தர் இருவர் மாண்டனர். மூன்றாமவர் 1919 இல் விஷக்காய்ச்சலால் இறந்தார். இத்துயரைத் தாங்கிக்கொண்டு, 1920 இல் ஆக்ஸ்போர்டு மருத்துவப் பேராசிரியர் பதவியை ஏற்று உழைத்தார். 1936 மார்ச்சு 28 இல் உயிர் நீத்தார்.

1958 இல், அக்குறையுடையாரின் ஈரலில் அவர் கூறியவாறே ஒரு நொதி இல்லாமை மெய்ப்பிக்கப்பட்டது. அக்காலத்திலேயே, காசநோய் மருந்தாகிய ஐசோநையாசிட்டைச் சிலருடைய ஈரல் விரைந்தும் சிலருடையது மெல்லவும் மாற்றுதல் அறியப்பட்டது. மெல்ல மாற்றுவோர் உடலில் மருந்து நெடிது தங்கி நரம்புகளை வருத்தக்கூடும். ஆதலின் இக்காலத்தில் புதுமருந்து காண்போர், அதனை மாற்றும் மனித நொதி யாது, எத்துணை விரைவில் மாற்றும் என்பவற்றை ஆராய்கின்றனர்.

தாம் விதைத்ததன் முழு விளைவை அப்பெரியார் காணவில்லை. பிறர் அருவருத்து அகற்றிய கறைத்துணியை அவர் பொறுமையுடன் நோக்கினார். அதன் பயனை நோயாளர் பலர் இன்று நுகர்கின்றனர். கற்கும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது இதுவன்றோ!