எஸ். எஸ். வாசன்

எஸ். எஸ். வாசன் (1904 - ஆகஸ்ட் 26, 1969) தமிழ்ப் பத்திரிகையாளரும், திரைப்படத் தயாரிப்பாளரும், இயக்குனரும் ஆவார். ஆனந்த விகடன் இதழின் அதிபராகவும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனராகவும் அறியப்படுகிறார். தமிழகத்தில் விளம்பரத்தை ஒரு தனிக் கலையாகக் கையாண்ட முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

இளமை

திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். இயற்பெயர் சீனிவாசன். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் இவரைச் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோது படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலிலும் அஞ்சல் வழி விற்பனையிலும் ஈடுபட்டார். எத்தகைய வாசகம் வாங்குபவரின் கண்ணை நிறுத்தும் என்பதை இங்குதான் கற்றார் எனலாம்.

ஆனந்த விகடன்

பூதூர் வைத்தியநாத ஐயர் 1926 இல் தொடங்கிய ஆனந்த விகடனில் வாசன் விளம்பரம் கொடுத்து வந்தார். இதழ் நின்றுபோகும் நிலையில் 1928 இல் அதை விலைக்கு வாங்கினார். பெயரின் எட்டு எழுத்துகளுக்கு எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் பெயர்தான்.

கல்கி, தேவன் ஆகியோரின் எழுத்தும் மாலியின் சித்திரங்களும் இதழை வளர்த்தன. குடுமியும் பெரிய மூக்கும் கொண்ட விகடன் தாத்தாவின் முகம், எழுத்தறியாதவரும் இதழை இனங்காண உதவியது. குறுக்கெழுத்துப் போட்டி விற்பனையைப் பெருக்கியது. அது சூதாட்டத்தை ஒத்தது என்ற கண்டனமும் எழுந்தது. அக்கண்டனத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. இவரது சதிலீலாவதி என்ற புதினம் 1936 இல் திரைப்படமானது. ம. கோ. இராமச்சந்திரன் அறிமுகமான படம் அதுவே.

ஜெமினி ஸ்டூடியோ

தீ விபத்தில் சேதமுற்றிருந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தை ஏலத்தில் வாங்கி, 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். ஊதுகுழல் ஊதும் இரட்டைச் சிறுவர் அதன் சின்னம். மிதுன ராசியைக் குறிக்கும் பெயருக்கு அப்படியே பொருந்தும் இச்சின்னம், படத்தின் பெயர் திரையில் தோன்றும் முன்பே யாருடைய படம் என்பதைத் தெரிவித்துவிடும்.

சந்திரலேகா

வாசனின் விளம்பர அறிவு முழுமையாக வெளிப்பட்டது சந்திரலேகாவில்தான். மங்கம்மா சபதம் (1943) வெற்றி பெற்றபின், கதை இலாகா எழுதிய ஒரு கதையை அவர் நிராகரித்தார். ஆனால் கதாநாயகியின் பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. கதையே இல்லாத நிலையில் சந்திரலேகா என்ற பெயரை விளம்பரப்படுத்தத் தொடங்கினார். அதன் பின்னரே இலாகாவினர் கதை தேடி அலைந்தனர். ஆங்கில எழுத்தாளர் ரெனால்ட்சின் நாவலொன்றிலிருந்து கிடைத்த பொறியைக் கொண்டு வேப்பத்தூர் கிட்டு முதலியோர் கதை அமைத்தனர்.

இயக்குனர் டி. ஜி. ராகவாச்சாரி இடையில் விலகவே, வாசனே இயக்குனரானார். அதற்குமுன் அவர் படம் இயக்கியதில்லை. செலவு சுமார் 30 இலட்சம் ரூபாயை எட்டியதாகக் கூறப்படுகிறது. சர்க்கஸ் காட்சிகளும் முரசு நடனமும் கொண்ட படம் ஏப்ரல் 9, 1948 இல் வெளியாகி நன்றாக ஓடியும், தமிழ் வசூல் மட்டும் போட்ட முதலை மீட்கவில்லை. கடன் நெருக்கிய நிலையிலும் பின்வாங்காமல் இந்தியில் வெளியிடத் துணிந்தார். வடநாட்டில் அறிமுகமில்லாத நடிகர்களை முன்னிறுத்துவதை விட, பிரம்மாண்டத்தையே விற்பது என்பது அவரது கணிப்பு. முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்களும் பெரிய சுவரொட்டிகளும் வட இந்திய நகரங்களை நிறைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான இந்திப் பதிப்பு பெருவெற்றி பெற்றது. தென்னிந்தியப் படங்களுக்கு வடக்கே சந்தை உண்டு என்பது இதனால் நிலைபெற்றது. கையில் சரக்கு இல்லாமல் பெயரை விற்றவர், அப்பெயருக்கு ஈடான படத்தைக் கொடுக்கவும் செய்தார் என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

ஔவையார் (1953), வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) முதலியன ஜெமினியின் பிற படங்கள். 1964 இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969 இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு காலமானார். 2004 இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று வேறு கட்டடங்கள் உள்ளன. அதனருகே 1973 இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் பெயர் அண்ணா மேம்பாலம். சென்னை மக்கள் அதை ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கின்றனர்.