வழியனுப்பும் நிமிடத்தை வரைந்தவர்: ஓவியர் தாமஸ் ஹோவெண்டன்



படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் கிளம்பும் பிள்ளையை வாசலில் நின்று வழியனுப்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த நிமிடத்தைப் படமாக்கிய ஓவியரை இந்த இதழில் அறிமுகம் செய்கிறோம்.

தாமஸ் ஹோவெண்டன் 1840-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தார். உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலத்தில், ஆறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தார். படச்சட்டங்களுக்கு மரம் செதுக்கித் தங்க முலாம் பூசும் ஒருவரிடம் தொழில் பழகினார். பையனின் கைத்திறனைக் கண்ட முதலாளியே அவரை ஓவியம் படிக்க அனுப்பினார்.

1863-இல் அமெரிக்கா சென்றார். 1874-இல் பாரிஸ் போய் மேலும் பயின்றார். பிரான்சில் சந்தித்த ஹெலன் கார்சன் என்ற அமெரிக்க ஓவியரை 1881-இல் மணந்து, பென்சில்வேனியாவில் பிளைமவுத் மீட்டிங் என்ற ஊரில் குடியேறினார். தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் தந்தவர்கள் மாமனார் வீட்டார். அடிமை முறையை எதிர்த்துக் கூட்டங்கள் நடந்த அவர்களுடைய மண்டபமே மருமகனுக்கு ஓவியக்கூடம் ஆயிற்று. அடிமைகளின் விடுதலைக்காகத் தூக்குமேடை ஏறிய ஜான் பிரவுன், போகும் வழியில் ஒரு கறுப்பினக் குழந்தையை முத்தமிடும் காட்சியை வரைந்தார். அது இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1890-இல் வரைந்ததுதான் நாம் சொல்ல வந்த படம். கிராமத்து வீடு. தாய் மகனின் தோளில் கை வைத்து முகத்தையே பார்க்கிறாள். அவன் பார்வை எங்கோ இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வெளியே போகிறார். பாட்டி மேசையருகே அமர்ந்திருக்கிறாள். நாய் கூடக் காத்து நிற்கிறது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் மிகவும் விரும்பிய ஓவியம் இதுவே. வழியனுப்பத் தாய் இல்லாமல் கப்பலேறியவர் வரைந்த படம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1895 ஆகஸ்ட் 14-இல், வீட்டுக்கு அருகே ரயில் மோதி, பத்து வயதுச் சிறுமியோடு ஹோவெண்டனும் இறந்தார். அவளைக் காப்பாற்றப் பாய்ந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதிகாரப்பூர்வ விசாரணை அதை விபத்து என்றே முடித்தது.

பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு போன் போட்டு விடுங்கள்.