சங்குச் சத்தத்தில் தொடங்கிய டீலியா

கனடாவில் இருக்கும் அண்ணா போன வருடம் பழைய சின்தசைசர் ஒன்றை அனுப்பிவைத்தார். நாற்பது வயதைத் தாண்டி ஒலி உருவாக்கப் பழகும் ஆள் நான். முதற் கிழமை ஒரு கட்டையை அழுத்தியபடி சுருதிக் குமிழைத் திருப்பினேன். சத்தம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. குசினியில் நின்ற அம்மா அகப்பையோடு முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்தார். அன்றே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

திரும்ப எடுக்க வைத்தவர் டீலியா டெர்பிஷயர் என்ற இங்கிலாந்துப் பெண்.

1937இல் கொவென்ட்ரியில் பிறந்தவர். 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் விமானங்கள் அந்த நகரை எரித்தபோது அவருக்கு மூன்று வயது. 500 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். பிறகு அவரைப் பிரெஸ்டனுக்கு அனுப்பினார்கள். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத அந்த எச்சரிக்கைச் சங்கும், ஆபத்து நீங்கியது என்று ஊதும் சங்கும்தான் தன்னை மின்னணு இசைக்குக் கொண்டுவந்தன என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆபத்து நீங்கியது என்று எங்கள் பங்கருக்குள் யாரும் ஊதிச் சொன்னதில்லை.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். பெண்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பதில்லை என்று டெக்கா நிறுவனம் திருப்பியனுப்பியது. 1960இல் பிபிசியில் சேர்ந்து, 1962இல் அதன் ரேடியோபோனிக் வேர்க்‌ஷொப்புக்குப் போனார்.

1963இல் றொன் கிறெய்னர் எழுதிய ‘டொக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை ஒலியாக்கியவர் அவர்தான். அப்போது அங்கே சின்தசைசர் இல்லை. ஒற்றைக் கம்பியைச் சுண்டிப் பதிந்து, நாடாவின் வேகத்தை மாற்றி வேறுவேறு சுருதிகள் எடுத்தார். கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஒசிலேற்றர்களில் இருந்து மெட்டு வந்தது. இரைச்சலைப் பில்ரரில் வடித்துக் காற்றுச் சத்தம் செய்தார். ஒவ்வொரு சுரத்தையும் அளந்து, வெட்டி, ஒட்டினார். கிறெய்னர் உரிமையில் பங்கு கொடுக்க விரும்பியும் பிபிசி விடவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013இல்தான்.

எனக்குப் பாடமானது அவருடைய பச்சை நிறத் தகர விளக்குமூடி. அதைத் தட்டிப் பதிந்தார். பிறகு தட்டிய கணத்தை மட்டும் வெட்டியெறிந்து, மிஞ்சிய ரீங்காரத்தை வைத்துக்கொண்டார். அதில் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, ஒசிலேற்றர்களால் திரும்பக் கட்டினார். சகாராப் பாலைவனத்துத் துவாரெக் மக்களைப் பற்றிய நிகழ்ச்சிக்கு அந்த ஒலி போனது.

என் கருவியில் அந்த வெட்டுக்கு ஒரு குமிழ் இருக்கிறது. பெயர் அட்டாக், தாக்குதல் என்ற அதே சொல்தான். ஒலி எவ்வளவு சடுதியாக எழும்ப வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சுழியத்தில் வைத்தால் அடி போல விழும். கூட்டினால் அதே ஒலி தூரத்தில் இருந்து நடந்து வருவதுபோல வரும். என்னைத் திடுக்கிட வைத்தது பெரும்பாலும் அந்த முதற் துளிதான் என்று அப்போதுதான் விளங்கியது.

டீலியா 1973இல் பிபிசியை விட்டார். எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் வயர்லெஸ் வேலையும் பார்த்தார். 2001இல், 64 வயதில் இறந்தார். வீட்டின் மேல்மாடத்தில் 267 ஒலிநாடாக்கள் கிடந்தன.

போன கிழமை அம்மாவின் வெண்கலச் செம்பைத் தட்டிப் போனில் பதிந்து, தட்டை வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினேன். எந்தக் கோயில் மணி என்று கேட்டார். சுருதிக் குமிழை மட்டும் இன்னும் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் திருப்புகிறேன்.