கண்ணீர் சாட்சியாகுமா? காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் வரலாறு

பூம்புகார் கடற்கரைக்குச் செல்லும் குடும்பங்கள், 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். அந்தப் பட்டினத்து வணிகன் கோவலனை, உண்மைத் திருடனான பொற்கொல்லனின் சொல்லை மட்டும் நம்பி, விசாரியாமலே கொல்லச் செய்தான் பாண்டிய மன்னன் என்பது கதை. கண்ணகி உடைத்துக் காட்டிய சிலம்பில் மன்னன் எதிர்பார்த்த முத்து இல்லை, மாணிக்கம் இருந்தது. சான்று வந்துவிட்டது, போன உயிர் வரவில்லை.

சாட்சியத்தை எடைபோட்ட பிறகே தீர்ப்பு என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தவர் காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்கள். யமன் நாட்டின் கிந்தா குலத்தைச் சேர்ந்த அவர்களை, கலீபா உமர் (ரலி) அவர்கள் கூஃபா நகரின் காஜியாக நியமித்தார்கள். அதற்குக் காரணமே ஒரு வழக்குத்தான். கலீபா அவர்கள் வாங்கிச் சவாரி செய்த குதிரை நொண்டியது. திருப்பித் தர முயன்றபோது விற்றவர் மறுத்தார். நடுவராக அழைக்கப்பட்ட ஷுரைஹ், வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று கலீபாவுக்கு எதிராகவே தீர்ப்புரைத்தார்கள்.

பின்னர் அலீ (ரலி) அவர்களின் கவசம் தொலைந்து, முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவரிடம் காணப்பட்டது. வழக்கு ஷுரைஹ் முன் வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சாட்சி யார் என்று காஜி கேட்க, ஊழியர் கன்பரையும் மகன் ஹஸன் (ரலி) அவர்களையும் கலீபா குறிப்பிட்டார்கள். தந்தைக்காக மகன் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று கூறி, கவசத்தை எதிராளிக்கே விட்டார் காஜி. ஹஸன் (ரலி) அவர்களின் வாய்மையில் ஐயமா? இல்லை. ஆளுக்கொரு சட்டம் கூடாது என்பதே காரணம். அந்நீதியைக் கண்ட எதிராளி உண்மையை ஒப்புக்கொண்டு இஸ்லாத்தைத் தழுவினார்.

மற்றொரு நாள் ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அநீதிக்குள்ளானவள் போலும் என்று இரங்கினார் அருகிலிருந்த ஷஅபீ (ரஹ்). யூசுப் நபியைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களும் இரவில் அழுதுகொண்டுதானே தந்தையிடம் வந்தார்கள் என்று நினைவூட்டினார் காஜி. பொய் இரத்தம் தோய்ந்த சட்டையை அவர்கள் சான்றாகக் கொண்டுவந்ததும், பிற்பாடு பின்புறம் கிழிந்த சட்டையே யூசுப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சான்றானதும் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் தரும் பாடம்.

ஏறத்தாழ 60 ஆண்டுகள் காஜியாக இருந்த ஷுரைஹ், ஹஜ்ஜாஜின் ஆட்சியில் தாமே பதவி விலகி, முதுமையில் மறைந்தார்கள்.

இன்றைய இந்திய நீதிமன்றங்களில் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் மகன் சாட்சி சொல்லத் தடையில்லை. ஆயினும் நெருங்கிய உறவினரின் சொல்லை நீதிபதி கவனத்துடன் ஆராய்வார்.

நம் ஜமாஅத்தில் பாகப்பிரிவினை, கடன், தலாக் என எத்தனையோ வழக்குகள் வருகின்றன. முதலில் அழுதவர் பக்கமும், செல்வாக்குள்ளவர் பக்கமும் சாய்ந்துவிடுகிறோமே! வழக்குத் தொடுப்பவர் சான்று தரவேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்யவேண்டும் என்பதே மார்க்கம் வகுத்த முறை. கடன் கொடுத்தால் எழுதிக்கொண்டு சாட்சி வையுங்கள் என 2:282 வசனம் கட்டளையிடுகிறது. பெற்றோருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது 4:135. பொய்ச்சாட்சி பெரும் பாவம். தெரிந்ததை மறைப்பதும் பாவமே.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் நம் தீர்ப்பையும் நேர்மையில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.