பிடி அரிசியும் பேராயர் அசரியாவும்



உங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பணத்தைப் பற்றிக் கடைசியாகப் பேசியது எப்போது? இந்த வார வாடகை கட்டியாகிவிட்டதா, வீட்டுக்கடன் தவணை எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்பினோம், கிரெடிட் கார்டில் நிலுவை என்ன என்பதையெல்லாம் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்கிறீர்களா? பல வீடுகளில் இந்தப் பேச்சு சண்டையில் முடிகிறது. சண்டைக்குப் பயந்து சில வீடுகளில் பேச்சே எழுவதில்லை. குடும்ப ஜெபத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறோம், குடும்பக் கணக்குக்கு ஒதுக்குவதில்லை.

விசுவாசத்தையும் வீட்டுச் செலவையும் பிரித்துப் பார்க்காத ஒரு தமிழரின் வாழ்க்கையை இந்த ஆண்டுவிழா மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்தான் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் என்று பெரியவர்கள் அவரை அறிவீர்கள். இன்று அவருடைய வீட்டு வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்ப்போம்.

அன்னாளைப் போல் ஒரு தாய்

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. செம்மண் தேரியும் பனைமரங்களும் நிறைந்த பகுதி அது. தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். தாயார் எல்லன், ஒரு மகனுக்காக நெடுங்காலம் ஜெபித்து இந்தப் பிள்ளையைப் பெற்றார். ஆகவே வேதாகமத்து அன்னாளை நினைத்துச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள்.

மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது தகப்பனார் இறந்துபோனார். வீட்டுப் பொறுப்பு முழுவதும் தாயின் தோளில் விழுந்தது. அந்த நிலையிலும் படிப்பு நிற்கவில்லை. மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார் அசரியா. பட்டப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் நோய் வந்துவிட்டது. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டார். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் செயலாளராகச் சேர்ந்து இளைஞர்களிடையே ஊழியம் செய்யத் தொடங்கினார். பரீட்சையில் தவறியதாலோ, நினைத்த படிப்பு கிடைக்காததாலோ மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். அன்று பட்டமில்லாமல் வெளியே வந்த இவருக்குப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் கொடுத்தது.

வரதட்சணை இல்லாத கல்யாணம்

அந்தக் காலத்தில் படித்த மாப்பிள்ளைக்கு நல்ல விலை உண்டு. நகையும் ரொக்கமும் பேசி முடித்த பிறகே நிச்சயதார்த்தம் நடக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கு அல்ல. மகளைக் கட்டிக்கொடுக்க வாங்கிய கடன், பேரப்பிள்ளைகள் காலம் வரை தொடர்ந்த வீடுகள் உண்டு.

அசரியா 1898-ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பு வரை சென்ற முதல் கிறிஸ்தவப் பெண்களில் அன்பு ஒருவர். ஆழமான பக்தியும் உள்ளவர். பெண்ணின் பக்தியைப் பார்த்துத்தான் அசரியா அவரை விரும்பினார். வரதட்சணை வாங்கவில்லை. ஊர் மெச்சப் பணத்தைக் கொட்டி விருந்து வைக்கவும் இல்லை.

இதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? அவர்களுடைய இல்லறம் கடனோடு தொடங்கவில்லை. பெண் வீட்டாருக்கு மனக்கசப்பு இல்லை. விலை கொடுத்து வாங்கப்பட்டவரும் விலை பேசி விற்கப்பட்டவரும் அந்த வீட்டில் இல்லை. ஒருவரை ஒருவர் மதித்துச் சேர்ந்து உழைக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். பின்னாளில் மொழி தெரியாத ஊருக்குக் கணவர் புறப்பட்டபோது அன்பு அம்மையாரும் கூடவே போனார். அந்த மொழியைக் கற்று, பெண்களுக்குப் போதித்து, அந்த ஊழியத்தில் பாதியைத் தாமே சுமந்தார்.

யாழ்ப்பாணத்தில் கிடைத்த பாடம்

நம் சபையில் தமிழ்நாட்டாரும் உண்டு, இலங்கைத் தமிழரும் உண்டு. ஆகையால் அடுத்த செய்தி இரு சாராருக்கும் உரியது. 1902-ல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே இளம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைப்பணத்தைச் சேர்த்து, கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். சின்னத் தீவுக்காரர்கள் நமக்கு ஆள் அனுப்புகிறார்கள், எண்ணிக்கையில் பெரிய நம் திருநெல்வேலித் திருச்சபை யாருக்கு என்ன அனுப்பியது என்ற கேள்வி அவர் மனதைக் குத்தியது.

அந்தக் குத்தலின் பலனாக 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கியது. அதிலும் அசரியா முன்னின்றார்.

பிறரைப் போகச் சொன்னவர், தாம் போகாமல் இருப்பது சரியா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். 1909-ல் குருப்பட்டம் பெற்று, ரயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த டோர்ணக்கலுக்குக் குடும்பத்தோடு போனார். தமிழ் பேசியவர் தெலுங்கைக் கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் டோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கே நியூசிலாந்தில் மாவோரி மக்களிலிருந்து முதல் பேராயராகப் பிரடெரிக் பென்னெட் அபிஷேகம் பெற்றது 1928-ல். மண்ணின் மக்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கத் திருச்சபை இரண்டு நாடுகளிலும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

நான்கு பேய்கள்

டோர்ணக்கலில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தார். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ நிலக்காரரிடம் கொஞ்சம் பணம் வாங்குவார்கள். அதற்கு வட்டியாகத் தகப்பன் உழைப்பான். கடன் தீராமலே தகப்பன் இறந்தால் மகன் உழைப்பான். பகேலா என்று அந்த நாட்டில் இதற்குப் பெயர். பிள்ளைகளே, பிறக்கும்போதே தாத்தாவின் கடனுக்கு வேலைக்காரனாகப் பிறப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த மக்களைப் பிடித்திருக்கும் பேய்கள் நான்கு என்று அசரியா சொல்லிவந்தார்: அழுக்கு, நோய், கடன், குடி. இவற்றைத் தனித்தனியாக விரட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். குடித்தால் கூலி வீட்டுக்கு வராது, கூலி வராவிட்டால் கடன் வரும். கடன் வந்தால் பிள்ளைக்கு மருந்தும் சோப்பும் கிடைக்காது. ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தின் அடுப்படியும் பணப்பையும் மாற வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அவருடைய பேராயத்தில் இதற்காகவே வளர்ந்தன. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போய் இதைப் போதித்தார்.

அவர் செய்த இன்னொன்று பலருக்கு வியப்பைத் தரும். அந்த ஏழைகளிடமே அவர் காணிக்கை கேட்டார். பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அல்லது தானியத்தை எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அறுப்புப் பண்டிகையில் நெல்லும் கோழியும் காய்கறியும் வந்தன. ஏழையிடம் வாங்கலாமா என்று நாம் கேட்போம். ஏழையால் கொடுக்க முடியாது என்று முடிவுகட்டுவதுதான் ஏழைக்குச் செய்யும் அவமானம் என்று அவர் நினைத்தார். சாறிபாத் விதவையையும், இரண்டு காசு போட்ட விதவையையும் கர்த்தர் அப்படி ஒதுக்கவில்லையே. தலைமுறை தலைமுறையாக வாங்கவும் கெஞ்சவும் மட்டுமே பழகிய கை, முதல்முறையாகக் கொடுக்கும் கையானது. கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

கவனியுங்கள், அந்தப் பிடி அரிசி மிச்சம் விழுந்தது அல்ல, சமைக்கும் முன் எடுத்தது. செலவு செய்தபின் மீதியைச் சேமிக்க நினைத்தால் மீதி இருக்காது என்பதை நம் பாட்டிமார்களும் அறிந்திருந்தார்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

பணத்தோடு அன்பும்

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே அசரியா எழுந்து, மேல்நாட்டு மிஷனரிமார் செய்த தியாகங்களுக்கு நன்றி சொன்னார். பிறகு, அவர்கள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், ஆனால் இந்தியருக்கு வேண்டியது நட்பு என்று நேருக்கு நேர் கேட்டார். சிலருக்கு அது கசந்தது. இன்றும் மறக்கப்படாத பேச்சு அது.

நம் வீடுகளுக்கும் அந்தக் கேள்வி வருகிறது. மாதாமாதம் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் பணம் அனுப்புகிறோம். அவர்களோடு பத்து நிமிடம் நிதானமாகப் பேசுகிறோமா? பிள்ளைகளுக்குப் போன் வாங்கிக் கொடுக்கிறோம். அவர்களோடு ஒரு வேளை சாப்பாட்டுக்கு உட்காருகிறோமா? வீட்டுக்கடனுக்காக ஒருவர் பகலிலும் ஒருவர் இரவிலும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஆக்லாந்தில் பல உண்டு. அது குற்றமல்ல, அதுவும் அன்பினால் செய்வதே. ஆனாலும் அனுப்பிய பணமும் வாங்கிய பொருளும் அன்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ள விடக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

அசரியா 1945 ஜனவரி 1 அன்று டோர்ணக்கலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருடைய பேராயத்தில் விசுவாசிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அவர் ஆசைப்பட்டு உழைத்த தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947-ல் நிறைவேறியது. அதை அவர் கண்ணால் காணவில்லை. அவர் வீட்டு முன்மாதிரி நமக்குக் கிடைத்திருக்கிறது.

கணவன்மாரே, மனைவிமாரே, வாரத்தில் ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் கணக்கையும் எடுத்து வையுங்கள். காணிக்கை, வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது, சேமிப்பு என்று வரிசையாக எழுதுங்கள். ஒருவருக்கொருவர் தெரியாத கடன் இருந்தால் அன்று சொல்லிவிடுங்கள். கேட்பவர் கோபத்தை அடக்கிக்கொள்ளுங்கள், சொல்லத் துணிந்ததே பெரிய காரியம். கடன் கழுத்தை நெரித்தால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். இந்த நாட்டில் இலவசமாக வரவுசெலவு ஆலோசனை தருகிறவர்கள் உண்டு. சபையில் உங்கள் மேய்ப்பரும் மூப்பரும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் பெற்றோரே, அசரியாவின் கல்யாணத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை அம்மாவோ அப்பாவோ ரைஸ் குக்கரில் அரிசி அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு ஜாடியில் போடச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போடுங்கள். ஜாடி நிறைந்ததும் அது யாருக்குப் போக வேண்டும் என்று குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் பாக்கெட் மணியையும் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: கர்த்தருக்கு, சேமிப்புக்கு, உங்கள் விருப்பத்துக்கு. முதல் பங்கை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஒரு பிடி அரிசி சின்னதுதான். டோர்ணக்கலில் அடுப்படிகளில் எடுத்துவைத்த அந்தச் சின்னப் பிடிகளால் ஒரு திருச்சபையே தன் காலில் நிற்கக் கற்றது. உங்கள் வீட்டு அடுப்படியையும் பணப்பையையும் பந்தியையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.